சாலை இன்ஸ்பெக்டரின் சிற்றில்

சண்டிகர் நகரத்துக்கு ஒரு சாசனம் உண்டு. நகரத்தை வரைந்த லெ கொர்பூசியே விட்டுச்சென்றது. நகரத்திலோ அதன் பூங்காக்களிலோ தனிமனிதர் யாருக்கும் சிலை வைக்கக் கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. யாரையாவது நினைவுகூர வேண்டுமென்றால் ஒரு வெண்கலப் பட்டயத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சந்திக்குச் சந்தி சிலை வைக்கும் இந்தியாவில் இப்படி ஒரு விதி இருந்ததே ஆச்சரியம்தான். அதைவிட ஆச்சரியம், அந்த விதி நடப்பில் இருந்த அதே ஆண்டுகளில், நகரத்தின் தலைமாட்டில், தலைமைச் செயலகத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் பக்கத்திலிருந்த ஒரு புதர்க்காட்டுக்குள், நூற்றுக்கணக்கான சிலைகள் அதிகாரிகள் யாருக்கும் தெரியாமல் வரிசை வரிசையாக எழுந்து நின்றுகொண்டிருந்தன என்பது.

அவை எந்தத் தலைவரின் சிலையும் அல்ல. ஆடுகிறவர்கள், பாட்டுக்காரர்கள், தண்ணீர் சுமக்கும் பெண்கள், குரங்குகள், பறவைகள். உடைந்த வளையலைச் சட்டையாகவும் உடைந்த பீங்கானை மேல்தோலாகவும் போட்டுக்கொண்டு நின்றார்கள். செய்தவர் ஒரே ஆள். பெயர் நேக் சந்த். உத்தியோகம், பொதுப்பணித் துறையில் சாலை இன்ஸ்பெக்டர்.

இவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ‘உங்களுக்குள் இருக்கும் குழந்தையைத் தொலைத்துவிடாதீர்கள்’ என்ற வாசகம் இப்போது எங்கே பார்த்தாலும் கண்ணில் படுகிறது. பெரியவர்களுக்கென்று வண்ணம் தீட்டும் புத்தகங்கள் வந்துவிட்டன. கம்பெனிகள் ஊழியர்களை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் களிமண் பிசையச் சொல்கின்றன. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும்போது நாலு புது யோசனையோடு வர வேண்டும் என்பதுதான் அதற்குள் இருக்கும் கணக்கு. பிசையட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வளர்ந்த மனிதன் ஒருவனிடம் சிறுபிள்ளையின் கற்பனை உண்மையிலேயே உயிரோடு இருந்தால் அது எப்படி இருக்கும், அதற்கு அவன் என்ன விலை கொடுத்திருப்பான் என்று பார்க்க வேண்டுமானால் பட்டறைகளை விட்டுவிட்டு வரலாற்றுக்குள் போவது நல்லது. அங்கே அது அவ்வளவு இனிப்பாக இல்லை.

நேக் சந்த் 1924 டிசம்பரில் பிறந்தார். ஊர், லாகூருக்கு வடக்கே ஷக்கர்கர் வட்டாரத்தில் ஒரு சிற்றூர். விவசாயக் குடும்பம். ஊரை ஒட்டி ஓர் ஓடை. அதன் மணற்கரையில் கோட்டையும் அரண்மனையும் கட்டி விளையாடிய பையன். அம்மா சொன்ன ராஜா ராணிக் கதைகளிலிருந்து அந்தக் கோட்டைகளுக்குக் குடிமக்கள் வந்தார்கள். இதில் விசேஷமாக ஒன்றுமில்லை. எல்லா ஊரிலும் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். பள்ளியை முடித்துவிட்டுத் திரும்பி வந்து ஏர் பிடித்தார். அங்கேயே இருந்திருந்தால் மணல் கோட்டை மறந்துபோயிருக்கலாம், யார் கண்டது.

1947இல் கோடு போட்டார்கள். ஷக்கர்கர் பாகிஸ்தான் பக்கம் போனது. நேக் சந்தின் குடும்பம் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தது. வீடு போயிற்று, வயல் போயிற்று, ஓடையும் போயிற்று. பஞ்சாப் மாநிலமும் தன் தலைநகரான லாகூரை இழந்திருந்தது. இழந்ததற்கு ஈடாக ஒரு புதுத் தலைநகர் வேண்டும் என்று முடிவாயிற்று. அது பழைய மரபுகளின் பாரம் இல்லாத நகரமாக, புதிய இந்தியாவின் அடையாளமாக இருக்க வேண்டும் என்று நேரு விரும்பினார். லெ கொர்பூசியே 1951இல் வந்தார். 800 மீட்டருக்கு 1200 மீட்டர் என்று செவ்வகம் செவ்வகமாக நகரத்தைப் பிரித்தார். ஒவ்வொன்றும் ஒரு செக்டர். சாலைகளை ஏழு வகையாக்கி எண் கொடுத்தார். தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் இருக்கும் முதல் செக்டர் நகரத்தின் தலை, மற்றவை உடம்பு. அந்தச் சாலைகளைப் போடும் வேலைக்கு ஆள் எடுத்தபோது, ஊரை இழந்து வந்த நேக் சந்துக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது.

சண்டிகர் ஒன்றும் வெற்று நிலத்தில் எழவில்லை. அங்கே ஊர்கள் இருந்தன. மாமரத் தோப்புகள் இருந்தன. பல கிராமங்களைக் காலி செய்து, இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகுதான் செவ்வகங்கள் விழுந்தன. மலேசியாவில் இருக்கும் நமக்கு இதைப் புரிய வைக்க ரொம்பச் சிரமப்பட வேண்டியதில்லை. புத்ராஜெயாவின் அழகான பாலங்களில் கார் ஓட்டும்போது அங்கே பிராங் பெசார் தோட்டம் இருந்தது என்று எத்தனை பேருக்கு ஞாபகம் வருகிறது? 1990களில் அங்கிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போய்ச் சேர்ந்தன. லயத்து வீட்டில் விட்டுவந்த அம்மிக்கல்லும் பூச்சட்டியும் பிறகு என்ன ஆனது என்று யாரும் கணக்கெடுத்துவைக்கவில்லை. திட்டமிட்ட நகரத்தின் வரைபடத்தில் அந்தச் சாமான்களுக்கு இடமில்லை.

சண்டிகரில் அதற்கு ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். அதுதான் வித்தியாசம்.

1950களின் கடைசியில், முப்பத்து மூன்று, முப்பத்து நாலு வயதில், நேக் சந்த் பொறுக்க ஆரம்பித்தார். முதலில் கல். வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவாலிக் அடிவாரத்து ஆற்றுப்படுகைகளுக்குப் போவார். தண்ணீர் தேய்த்துத் தேய்த்து உருவம் கொடுத்த கற்களில் ஒன்று உட்கார்ந்திருக்கும் மனிதனாகத் தெரியும், ஒன்று பறவை, ஒன்று ஏதோ தெய்வம். ஒவ்வொரு கல்லுக்கும் உயிர் உண்டு என்று அவர் நம்பினார். கேரியரில் கட்டிக்கொண்டு திரும்புவார். அடுத்தது உடைசல். இடிந்த கிராமங்களிலிருந்து சட்டி பானைத் துண்டு, ஓடு, சீனாப் பாத்திரம், வளையல். புதிதாக எழுந்துகொண்டிருந்த நகரத்தின் குப்பையிலிருந்து உடைந்த வாஷ்பேசின், கழிப்பறைப் பீங்கான், மின்சாதனப் பீங்கான், எரிந்துபோன குழல்விளக்கு. பட்டறைகளிலிருந்து உலோகக் கசடு. முடிதிருத்தும் கடைகளிலிருந்து தலைமுடிகூட.

எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்த இடம், புதிதாக வெட்டிய சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு. எந்தக் கட்டடமும் எழக் கூடாது என்று ஒதுக்கிவைத்த காட்டுநிலம். பொதுப்பணித் துறையின் சாமான்கள் கிடந்த பகுதி பக்கத்திலேயே இருந்தது, ஒரு சாலை இன்ஸ்பெக்டர் அங்கே போய்வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். முதல் ஏழெட்டு வருஷம் பெரும்பாலும் சேர்த்ததுதான். கட்ட ஆரம்பித்தது அதன் பிறகு. இரவில் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை செய்ததாகச் சொல்கிறார்கள். பழைய சைக்கிளின் சட்டம்தான் பல உருவங்களுக்கு எலும்புக்கூடு. முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டைக் கம்பி இரண்டு காலாகிவிடும். அதன்மேல் சிமெண்டு, சிமெண்டு காய்வதற்குள் வளையல் துண்டுகள். தார் டிரம்மில் காங்கிரீட்டை ஊற்றி அப்படியே வரிசையாக நிறுத்தினால் சுவர்.

கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் வேலை போயிருக்கும். அரசாங்க ஊழியர், அரசாங்க நிலம், அனுமதி கிடையாது. விசாரணைகூடத் தேவையில்லை. மிகச் சிலருக்கே விஷயம் தெரியும். இந்தப் பயத்தோடு ஏறத்தாழ 18 வருஷம் ஒரு மனிதர் தினமும் ஆபீஸ் முடிந்து தன் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். விற்பதற்கு இல்லை, காட்சிக்கு வைப்பதற்கு இல்லை. கலைஞன் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவர் சிற்பப் பள்ளி எதிலும் படித்தவரில்லை.

1907 டிசம்பரில் வியன்னாவில் ஒரு பதிப்பாளரின் கூடத்தில் சிக்மண்ட் ஃப்ராய்ட் ஓர் உரை நிகழ்த்தினார். படைப்பெழுத்தாளர்களையும் பகற்கனவையும் பற்றியது. விளையாட்டுக்கு எதிர்ப்பதம் தீவிரம் அல்ல, யதார்த்தம்தான் என்றார். குழந்தை தன் விளையாட்டை மிகத் தீவிரமாகவே எடுத்துக்கொள்கிறது. வளர்ந்தவனும் விளையாடுவதை நிறுத்துவதில்லை. பகற்கனவாக மாற்றி வைத்துக்கொள்கிறான். ஆனால் அவனுக்கு அதில் வெட்கம் இருக்கிறது. தன் குற்றங்களையாவது ஒப்புக்கொள்வான், கனவுகளைச் சொல்ல மாட்டான். ஃப்ராய்டின் மற்ற பல முடிவுகளோடு எனக்குச் சண்டை உண்டு. இந்த ஒன்றில் மனிதரை மடக்க முடியவில்லை. நமக்கு வயசாக ஆக விளையாட்டு செத்துப்போவதில்லை, ஒளிந்துகொள்கிறது. நேக் சந்த் ஒளித்தது சட்டத்துக்குப் பயந்து என்பார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. நாற்பது வயது ஆள், பிள்ளைகுட்டிக்காரர், சர்க்கார் உத்தியோகஸ்தர், குப்பையில் வளையல் பொறுக்கிப் பொம்மைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? ‘மண்டை கழன்றுபோச்சு’ என்றுதான் சொல்லும்.

பிரான்சில் அப்படித்தான் சொன்னார்கள். ஓத்ரீவ் என்ற கிராமத்தில் ஃபெர்டினாண்ட் ஷெவால் என்றொரு தபால்காரர். தினமும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்து கடிதம் கொடுக்கிறவர். நடக்கிற நேரமெல்லாம் மனசுக்குள் ஓர் அரண்மனை கட்டிக்கொண்டிருந்தார், அதையும் மறந்துபோகும் நிலைமையில் 1879இல், 43 வயதில், ஒரு கல் தடுக்கியது. விசித்திரமான வடிவம். பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் இன்னும் சில. பிறகு தள்ளுவண்டி. 33 வருஷம், 1912 வரை, தன் தோட்டத்தில் தனியாளாக அந்த அரண்மனையைக் கட்டி முடித்தார். ஊர் கிறுக்கன் என்றது. பின்னால் சர்ரியலிஸ்டுகள் கொண்டாடினார்கள், 1969இல் அரசாங்கமே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. ஷெவால் 1924 ஆகஸ்டில் இறந்தார். அதே வருஷம் நாலு மாதம் கழித்து நேக் சந்த் பிறந்தார். இதில் அர்த்தம் எதுவும் இல்லை. ஆனால் தபால்காரரும் சாலை இன்ஸ்பெக்டரும் ஒரே சாதி என்பது கவனிக்கத்தக்கது. இருவரும் அரசாங்கத்தின் கடைசிப்படி ஊழியர்கள். இருவருக்கும் வேலையே தரையைப் பார்த்துக்கொண்டு போவதுதான்.

இருவரையும் பிரிக்கும் ஒன்றும் உண்டு. ஷெவால் தன் சொந்த நிலத்தில் கட்டினார். அவர் பொறுக்கிய கற்கள் யார் வீட்டிலிருந்தும் வந்தவை அல்ல. நேக் சந்தின் கையில் இருந்ததோ இன்னொருவர் சமையலறை. பகலில் அவர் போட்டது, ஊர்களைத் துடைத்த இடத்தின் மேல் போகும் சாலை. இடிக்கிற அரசாங்கத்தின் சம்பளக்காரர் அவர். இரவில் அந்த இடிபாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அதற்கு முகமும் கையும் கொடுத்தார். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவருடைய சொந்த வீடும் இதேபோல் எங்கோ ஒரு கோட்டுக்கு அந்தப்பக்கம் விடப்பட்டது. குழந்தைமை என்றால் நாம் உடனே கள்ளமின்மையை நினைக்கிறோம். ஒன்றும் தெரியாத பால்மனம். இந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். எது எப்படி உடையும், உடைந்தபின் யாரும் தேட மாட்டார்கள் என்பது உட்பட. தெரிந்துகொண்டே ஓட்டாஞ்சில்லை எடுத்து ‘இது ராஜா’ என்று சொல்ல முடிந்ததே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நமக்கு இதற்கு ஒரு சொல் இருக்கிறது. சிற்றில். சிறுமிகள் மணலில் கட்டி விளையாடும் சின்ன வீடு. சங்கப் பாடல்களிலிருந்து ஆண்டாள் வரைக்கும் அது வருகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் எட்டாம் பருவமே சிற்றில் பருவம்தான். அங்கே பாட்டுடைத் தலைவனான சிறுவன் வீட்டைக் காலால் சிதைக்க வருகிறான், சிறுமிகள் ‘வேண்டாம்’ என்று கெஞ்சுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் விநோதமான மரபு. புலவர்கள் எத்தனையோ விளையாட்டுகளைப் பாடியிருக்கலாம். மணல்வீட்டைப் பாடும்போது கட்டுவதையும் அதைச் சிதைக்க வருகிறவனையும் சேர்த்தே பாடினார்கள். அவன் பெரும்பாலும் கடவுளாகவோ அரசனாகவோ இருக்கிறான். வீடு கட்டுகிறவர்களுக்குத் தெரியும், வருவான் என்று.

சண்டிகரில் அவன் 1970களின் நடுவில் வந்தான். காட்டைச் சீர்செய்யும் வேலைக்காக உள்ளே நுழைந்தவர்கள் எதிரே ஏக்கர் கணக்கில் முற்றங்களும் நடைவழிகளும் சிலைக்கூட்டமும் நின்றன. அதற்குள் சுமார் 12 ஏக்கர் பரவியிருந்தது. சட்டப்படி இடிக்க வேண்டியது. இடிக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். லெ கொர்பூசியேவின் நகரத்தில் இந்தக் கூத்தா என்று கோபப்பட்டவர்கள். ஆனால் செய்தி பரவியது, நகரத்து மக்கள் வந்து பார்க்க ஆரம்பித்தார்கள், பார்த்தவர்கள் விடவில்லை. நகரத்தின் நிலவமைப்புக் குழுவுக்குத் தலைவராக இருந்த எம்.எஸ். ரந்தாவா வந்து பார்த்துவிட்டு, இதை இருக்கிறபடியே காக்க வேண்டும், கட்டடக் கலைஞர்களும் நகரத் திட்டக்காரர்களும் கைவைக்காமல் இருக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார். சொன்னவரும் ஓர் அதிகாரிதான் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1976இல் அது பாறைத் தோட்டம் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. லெ கொர்பூசியே இதைப் பார்க்கவில்லை. 1965லேயே கடலில் நீந்தும்போது இறந்துவிட்டார். பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது சண்டிகர்க்காரர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்காக இருக்க வேண்டும்.

அதன் பிறகு நடந்தது அரசாங்கம் விளையாட்டை எப்படித் தத்தெடுக்கும் என்பதற்கு உதாரணம். சாலை இன்ஸ்பெக்டரைச் சாலையிலிருந்து விடுவித்து, பாறைத் தோட்டத்துக்கே பொறுப்பாளராக்கினார்கள். சம்பளம் உண்டு, கீழே ஐம்பது தொழிலாளிகள் உண்டு. நகரம் முழுக்க உடைசல் சேகரிக்க நிலையங்கள் வைத்தார்கள். 1983இல் தோட்டம் தபால்தலையில் வந்தது, 1984இல் நேக் சந்துக்குப் பத்மஸ்ரீ. அடுத்த ஓரிரு வருஷத்தில் வாஷிங்டனில் ஒரு சிறுவர் அருங்காட்சியகத்துக்குத் தோட்டம் அமைக்கக் கூப்பிட்டார்கள், போய்ச் செய்துகொடுத்தார்.

ஒளிக்க வேண்டிய அவசியம் போன பிறகு அது அதே விளையாட்டுதானா? இரண்டு விதமாகவும் தோன்றுகிறது. பிற்காலத்தில் கட்டிய பெரிய அருவிகளும் வளைவு மண்டபங்களும் பிரமாண்டமானவை, ஆனால் அவற்றில் கொஞ்சம் ‘திட்டம்’ வாசனை அடிக்கிறது. பழைய பகுதியில் உள்ள தாழ்ந்த வாசல்களில் அது இல்லை. தெய்வங்களின் ராஜ்யத்துக்குள் வருகிறவர்கள் குனிந்து வர வேண்டும் என்று நினைத்துக் கட்டியவை. அமைச்சரும் குனியத்தான் வேண்டும். குனிந்தால் பெரியவர் உயரம் சின்னப் பிள்ளையின் உயரத்துக்கு வந்துவிடுகிறது. அதே சமயம், பிற்காலப் பகுதியில்தான் பெரிய பெரிய ஊஞ்சல்களை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார். அதில் பிள்ளைகளைவிட அவர்களைக் கூட்டிவந்தவர்கள்தான் இறங்க மறுக்கிறார்கள் என்பதைப் போய்வந்தவர்கள் எடுத்த படங்களிலேயே பார்க்கலாம். நடுவயசுப் பெண்கள், தலைப்பாகை கட்டிய தாத்தாக்கள், ஷூ போட்ட உத்தியோகஸ்தர்கள். கடைசிக் காலம் வரை கிழிந்த துணியையும் தையல் கழிவையும் வைத்து ஆளுயரப் பொம்மைகளும் செய்துகொண்டிருந்தார்.

சிதைக்க வந்தவன் ஒருமுறையோடு போகவில்லை. உயர் நீதிமன்றத்துக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று 1980களின் கடைசியில் ஒரு வழக்கு. தீர்ப்பு தோட்டத்தின் பக்கம் வந்தது. 1990இல் சாலைக்காக புல்டோசர்களே வந்தன. ஊர்ஜனம் குறுக்கே போய் நின்றது, வண்டிகள் திரும்பின. 1996இல் அவர் அமெரிக்காவுக்குப் போயிருந்த சமயம் நிர்வாகம் ஆட்களையும் பணத்தையும் நிறுத்திவிட, உள்ளே புகுந்த சிலர் சிலைகளை உடைத்துப்போட்டார்கள். திரும்பிவந்து பழுது பார்த்தார். உடைந்ததை ஒட்டுவது அவருக்குப் புதிய வேலையில்லையே. 2015 ஜூனில், 90 வயதில், இறந்தார். அடுத்த வருஷம் பக்கத்திலிருக்கும் லெ கொர்பூசியேவின் கட்டடத் தொகுதியை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பாறைத் தோட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.

2025 தொடக்கத்தில் தோட்டத்தின் சுவரில் ஒரு பகுதியை நிர்வாகம் இடித்தது. நகரவாசிகள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள், பத்திரிகைகள் எழுதின, ஆனால் அதற்குள் சுவர் கீழே கிடந்தது. காரணம் பழையதுதான்: உயர் நீதிமன்றத்துக்கு வருகிறவர்களின் வாகனங்களுக்கு இடம் வேண்டும், பக்கத்திலிருக்கும் சாலையையும் அகலப்படுத்த வேண்டும். அந்த நகரத்தில் நேக் சந்த் முதலில் சேர்ந்த உத்தியோகமும் சாலை போடுவதுதான்.